தோட்டத்தில் காய் பறிக்க நல்ல கூடையைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பறிக்கும்போது கெட்டியாக, பளபளவென்று இருந்த தக்காளி இரண்டே நாளில் ஒரு பக்கம் நீர்கோத்து அமுங்கிப் போகிறது. விதை சரியில்லை, தண்ணீர் அதிகமாகிவிட்டது, உரம் போதவில்லை என்று காரணம் தேடுகிறோம். அதைச் சுமந்து வந்த கூடையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் வளர்த்த காய்க்குச் செடியிலிருந்து சமையலறை வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில் விழுகிற அடிதான் பல சமயம் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

அதனால் கூடை வாங்கும்போது அழகையும் கொள்ளளவையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் தோட்டத்தில் விளைவதிலேயே எது மிக மென்மையானதோ, அதற்குப் பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தாங்கும் கூடை மற்றதையெல்லாம் அநேகமாகத் தாங்கிவிடும்.

படி 1: எதைப் பறிக்கப் போகிறீர்கள்?

ஒரு தாளை எடுத்து, தோட்டத்தில் அடிக்கடி பறிப்பதை எழுதுங்கள். எப்போதோ ஒருமுறை காய்க்கிற பூசணிக்காகக் கூடை வாங்க வேண்டாம், அதைக் கையிலேயே தூக்கி வரலாம். வாரத்தில் இரண்டு மூன்று முறை பறிப்பவைதான் கணக்கு.

எழுதியதைக் கையாளும் விதத்தை வைத்துப் பிரியுங்கள். பழுத்த தக்காளி, அத்தி, பெர்ரி வகைகள் அழுத்தம் தாங்காதவை. கீரை, கொத்தமல்லி, புதினா, லெட்டூஸ் எல்லாம் அழுத்தத்தைவிட வெயிலுக்கும் காற்றுக்கும் பயப்படுபவை. பீன்ஸ், அவரை, மிளகாய் சின்னவை. இடுக்கு வழியே நழுவும். கத்தரியின் காம்பில் சில ரகங்களில் முள் இருக்கும், அது பக்கத்துக் காயைக் குத்தும். வெண்டையைத் தேய்த்தால் விளிம்புகள் கறுக்கும். கேரட், முள்ளங்கி, உருளை போன்றவை மண்ணோடு வருபவை.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஒரே கூடை எல்லாவற்றுக்கும் போதாது என்று தோன்றும். உண்மைதான். ஆனால் நான்கைந்து கூடையும் தேவையில்லை. ஆழமில்லாத அகலக் கூடை ஒன்று, மண்ணோடு வருவதற்குத் துளையுள்ள கூடை ஒன்று என இரண்டு இருந்தால் பெரும்பாலான வீட்டுத் தோட்டங்களுக்குப் போதும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஆழமில்லாததை வாங்குங்கள்.

படி 2: ஆழத்தைப் பாருங்கள்

கடையில் எல்லோரும் வாயகலத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் உள்ளே கையைவிட்டு ஆழத்தைப் பார்ப்பேன். காரணம் எளிது. நடுத்தரத் தக்காளி ஒன்று 6 முதல் 7 செ.மீ. குறுக்களவு இருக்கும். 30 செ.மீ. ஆழமுள்ள கூடையில் நான்கைந்து அடுக்கு உட்காரும். அடியில் கிடக்கிற பழம் மேலே உள்ள அத்தனை அடுக்கின் எடையையும் ஒரு சின்னப் புள்ளியில் வாங்குகிறது. நடக்கும்போது கூடை குலுங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி இன்னும் அழுந்தும். தோலுக்குள் செல்கள் உடைந்து சாறு கசியும். வெளியே எதுவும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அந்த இடம் மென்மையாகி, பூஞ்சை பிடிக்க வசதியான இடமாகிவிடும்.

பழுத்த தக்காளிக்கு இரண்டு அடுக்குக்கு மேல் வேண்டாம். அப்படியானால் 12 முதல் 15 செ.மீ. ஆழம் போதும். பெர்ரி போன்றவற்றுக்கு இன்னும் குறைவு; 8 செ.மீ. தாண்டினால் அடியில் சாறுதான் இருக்கும். பச்சைக் காய்கள், பீன்ஸ், வெள்ளரி, மக்காச்சோளம் போன்றவை 20 முதல் 25 செ.மீ. வரை தாங்கும். கிழங்குக்கு ஆழம் ஒரு பொருட்டல்ல, எடைதான் பிரச்சினை.

ஆழமில்லாத கூடைக்கு இன்னொரு நன்மை உண்டு. பறித்ததெல்லாம் கண்ணெதிரே கிடக்கும். புழு விழுந்தது, வெடித்தது, அணில் கடித்தது எது என்று பறிக்கும்போதே தெரியும், அப்போதே தனியாக எடுத்து வைக்கலாம். ஆழக் கூடையில் அது அடியில் போய் ஒளிந்துகொண்டு மற்றதையும் கெடுக்கும்.

இந்த யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ‘ட்ரக்’ என்று ஒரு தோட்டக் கூடை உண்டு. படகு வடிவம், ஆழம் குறைவு, வாய் அகலம். விளிம்பும் கைப்பிடியும் செஸ்ட்நட் மரத்தில், உடல் வில்லோ என்ற இலேசான மரத்தின் மெல்லிய பலகைகளில், அடியில் மண்ணில் படாமலிருக்கச் சின்னக் கால்கள். ஹெர்ஸ்ட்மான்சூ என்ற ஊரைச் சேர்ந்த தாமஸ் ஸ்மித் 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இதை வைத்தார்; விக்டோரியா மகாராணி அதைப் பார்த்துத் தமக்கும் செய்து தரச் சொன்னார். இன்றும் அதே வடிவத்தில்தான் செய்கிறார்கள். ஆழம் குறைவு, நடுவில் உறுதியான ஒற்றைக் கைப்பிடி, ஈரம் ஏறாத அடி. இந்த மூன்றையும் நீங்கள் எந்தக் கூடையிலும் தேடலாம், அது மூங்கிலாக இருந்தாலும் பிளாஸ்டிக்காக இருந்தாலும்.

படி 3: கொள்ளளவை எடையாக மாற்றிப் பாருங்கள்

‘20 லிட்டர் கூடை’ என்றால் எவ்வளவு கனக்கும்? உள்ளே என்ன போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒரு லிட்டர் இடத்தில் தக்காளி ஏறக்குறைய 650 முதல் 700 கிராம் பிடிக்கும். உருளைக்கிழங்கு அதைவிடக் கூடுதல், முக்கால் கிலோவைத் தொடும். வெண்டையும் கத்தரியும் 400 கிராம் அளவில் இருக்கும். கீரை 250 கிராமைத் தாண்டாது. ஆக, அதே 20 லிட்டர் கூடை கீரைக்கு 5 கிலோவுக்குள், தக்காளிக்கு 13 கிலோ, உருளைக்கு 15 கிலோ. இதில் கூடையின் சொந்த எடை சேரவில்லை.

செவ்வகக் கூடை என்றால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் செ.மீ.-இல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் வரும். வட்டக் கூடைக்கு ஆரத்தை ஆரத்தாலேயே பெருக்கி, 3.14-ஆலும் ஆழத்தாலும் பெருக்கி, 1000-ஆல் வகுக்க வேண்டும். கீழே குறுகி மேலே விரியும் கூடையானால் பாதி உயரத்தில் உள்ள அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கையில் தொங்கவிட்டு, குனிந்து நிமிர்ந்து பறிக்கும்போது 5 கிலோ வரைதான் பெரும்பாலோருக்குச் சிரமமில்லை. முதுகுவலி உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் அதுவே அதிகம். தக்காளி பறிக்க 8 லிட்டருக்குள் ஒரு கூடை, ஆழம் 15 செ.மீ.க்குள் என்று பார்த்தால் எடையும் தானாகவே கட்டுக்குள் வந்துவிடும். விளைச்சல் அதிகமாக இருக்கும் நாளில் இரண்டு நடை போங்கள். ஒரு பெரிய கூடையை விளிம்புவரை நிரப்பிச் சாய்ந்துகொண்டே நடப்பதைவிட, இரு கையிலும் ஒவ்வொரு சின்னக் கூடையாக நேராக நடப்பது உடம்புக்கும் நல்லது, காய்க்கும் நல்லது.

வரப்பும் நடைபாதையும் எவ்வளவு அகலம் என்பதையும் அளந்துவிட்டுப் போங்கள். 40 செ.மீ. நடைபாதையில் 50 செ.மீ. கூடையோடு நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கிளை முறியும்.

படி 4: எதில் செய்த கூடை?

மூங்கில் கூடை எடை குறைவு, உறுதி அதிகம், காற்றோட்டம் தாராளம். ஆனால் மூங்கிலைப் பிளந்து எடுக்கும் பட்டையான பிளாச்சுக்குப் பிளாச்சு தரம் மாறும். மேல்தோலோடு சேர்ந்த பிளாச்சு வழவழப்பாக, இறுக்கமான நாரோடு இருக்கும். உட்பக்கத்துச் சதையை மட்டும் சீவி முடைந்த கூடை முதலில் பார்க்க அதே மாதிரி இருந்தாலும் சீக்கிரம் உளுத்துப் போகும், ஏனென்றால் மூங்கிலின் உட்பகுதியில் உள்ள மாவுச்சத்துதான் துளைக்கும் வண்டுகளை இழுக்கிறது. கூடையைத் தரையில் ஒருமுறை தட்டிப் பாருங்கள். மாவு போல மெல்லிய தூள் உதிர்ந்தால், ஊசிமுனை அளவுத் துளைகள் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். வீட்டில் இருக்கும் மற்ற மூங்கில் சாமான்களுக்கும் அது பரவும்.

பிரம்பு வேறு தாவரம். கொடியாக ஏறும் ஒரு பனை வகை அது. மூங்கில் போல உள்ளே குழலாக இருக்காது, கெட்டியாக இருக்கும். அதனால் வளைத்தாலும் நசுங்காது. கைப்பிடிக்கும் விளிம்புக்கும் பிரம்பைவிட நல்லது கிடையாது என்பது என் கருத்து. மூங்கில் உடலும் பிரம்பு விளிம்பும் சேர்ந்த கூடை கிடைத்தால் தயங்காமல் எடுக்கலாம். வில்லோ குச்சிக் கூடையும் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ரொம்பக் காய்ந்த இடத்தில் வைத்தால் குச்சிகள் மொறமொறவென்று முறியத் தொடங்கும்.

பனையோலைக் கூடை மிக இலேசானது, உட்பக்கம் மென்மையானது. பூ, கீரை, மூலிகை பறிக்க அது அருமை. ஈரக் காய்களையும் கனமான கிழங்கையும் அதில் போடாதீர்கள், அடி இறங்கிவிடும்.

கம்பிக்கூடை கிழங்குக்காகவே பிறந்தது. தோண்டியெடுத்ததை அப்படியே போட்டு உலுக்கினால் மண் தோட்டத்திலேயே உதிர்ந்துவிடும். குழாயடியில் கூடையோடு வைத்து அலசலாம். ஆனால் கம்பி மெல்லியது, எடை முழுவதும் கோட்டுக்கோடாக விழுவதால் தக்காளியில் தழும்பு பதியும். மென்மையானதை வைக்க வேண்டுமென்றால் தடித்த பருத்தித் துணி விரியுங்கள். துத்தநாகம் பூசிய கம்பியில் புளிப்புப் பழங்களை நெடுநேரம் வைக்க வேண்டாம். அமிலம் துத்தநாகத்தைக் கரைக்கும். கம்பிகள் சேரும் பற்றவைப்பு முனைகளில்தான் பூச்சு முதலில் உதிர்ந்து துருப்பிடிக்கும், ஒவ்வொரு முனையையும் பாருங்கள்.

பிளாஸ்டிக்கை வெறுக்க வேண்டியதில்லை. கழுவுவதற்கு அதைப் போல எளிது எதுவுமில்லை, ஈரத்தால் பாழாகாது, பூஞ்சையும் உள்ளே வேர்விடாது. வெயில்தான் அதற்கு எமன். புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு நிறம் வெளுத்து, மேலே மெல்லிய மாவு படிந்தாற்போல் ஆகி, ஒருநாள் எடையோடு தூக்கும்போது கைப்பிடி பிய்ந்து வரும். அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 5 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2 என்பது அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன், 5 என்பது பாலிபுரோப்பிலீன். இரண்டும் உணவுப் பொருள்களுக்குப் பரவலாகப் பயன்படுபவை. பெயின்ட், பூச்சிமருந்து, ரசாயனம் இருந்த வாளியை எத்தனை முறை கழுவினாலும் காய் பறிக்க எடுக்காதீர்கள்.

வயர் கூடை பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். உறுதியானது, கழுவலாம். அதன் குறை, அடி தொய்வது. அடி நடுவில் குழிந்தால் காய்கள் எல்லாம் அங்கே உருண்டு ஒன்றையொன்று அழுத்தும். அளவுக்கு வெட்டிய மெல்லிய பலகையோ கனத்த பிளாஸ்டிக் தட்டோ அடியில் போட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. புதுக்கூடை வாங்குவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

படி 5: இடுக்கும் காற்றும்

பறித்த பிறகும் காய் மூச்சுவிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த மூச்சில் வெப்பமும் ஈரமும் வெளியாகும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் இந்த வேகம் இரண்டு மூன்று மடங்காகும். எல்லாப் பக்கமும் மூடிய வாளியில் வெயிலில் வைத்த கீரை அரை மணியில் வெந்தாற்போல் ஆவது இதனால்தான். கூடையின் பக்கங்களில் காற்று புகுந்து வெளியேற வழி இருக்க வேண்டும். கூடையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பக்கங்களில் பரவலாகச் சின்னச் சின்னப் பொட்டுகளாக ஒளி தெரிய வேண்டும்.

அதே நேரத்தில் இடுக்கு உங்கள் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குப் பெரிதானால் மிளகாயும் பீன்ஸும் வெளியே தலைநீட்டும், இழுத்தால் முறியும். கீரைக்கோ நெருக்கமான பின்னல்தான் நல்லது. காற்று அளவுக்கு மீறி அடித்தாலும் இலை வாடிவிடும். ஒரு ஈரத்துணியால் மேலே மூடிக்கொள்ளலாம்.

படி 6: கைப்பிடி

கூடை முதலில் உடைவது கைப்பிடி சேரும் இடத்தில். அதனால் கைப்பிடி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். நல்ல கூடையில் அது விளிம்போடு நிற்காது. பக்கவாட்டுப் பின்னலுக்குள் இறங்கி அடிவரை போகும், சிலவற்றில் அடியைச் சுற்றி மறுபக்கம் ஏறும். அப்போது எடையை அடியே தாங்கும். விளிம்பில் மட்டும் ஆணியோ கம்பியோ போட்டுக் கட்டியிருந்தால் முழு எடையும் அந்த ஒரு முடிச்சில் தொங்குகிறது என்று பொருள்.

பிடிக்கும் இடம் ஏறக்குறைய 3 செ.மீ. தடிமன் இருந்தால் உள்ளங்கைக்கு இதம். மெல்லிய கம்பியானால் விரல் மடிப்பில் வெட்டும். துணியோ கயிறோ சுற்றிக்கொள்ளலாம். நடுவில் வளைந்து நிற்கும் ஒற்றைக் கைப்பிடியை முழங்கையில் மாட்டிக்கொண்டு இரு கையாலும் பறிக்கலாம், ஆனால் நீண்ட சுரைக்காயையும் புடலையையும் வைக்கும்போது அது குறுக்கே நிற்கும். மடங்கும் கைப்பிடி அந்த விஷயத்தில் வசதி, ஆனால் அது காய்களின் மேல் விழாமல் விளிம்பில் தங்குகிறதா என்று சோதியுங்கள். இரு பக்கக் கைப்பிடி கனமான கிழங்குக்கு நல்லது. பறிக்கும்போது அதைத் தரையில்தான் வைக்க வேண்டும்.

ஏணியில் ஏறிப் பழம் பறிப்பவர்களுக்குக் கூடையே வேண்டாம். தோளில் மாட்டி மார்புக்கு முன்னே தொங்கும் பறிப்புப் பை வாங்குங்கள். அதன் அடிப்பகுதி திறக்கும். பெட்டிக்குள் பையை இறக்கி, அடியை மெதுவாகத் திறந்தால் பழம் உயரத்திலிருந்து விழாமல் படியும். ஏணியில் ஒரு கை எப்போதும் பிடிமானத்துக்குத் தேவை.

படி 7: வாங்குவதற்கு முன் கையால் சோதியுங்கள்

கூடையைச் சமதளத்தில் வைத்து விளிம்பின் நான்கு பக்கமும் அழுத்துங்கள். ஆடினால், வரப்பில் வைத்தவுடன் கவிழும். எதிரெதிர் விளிம்புகளைப் பிடித்து லேசாக முறுக்குங்கள். கொஞ்சம் வளைந்து பழையபடி திரும்ப வேண்டும். முறுக்கும்போது சடசடவென்று ஓசை வந்தால் உள்ளே ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

பிறகு உட்பக்கம். உள்ளங்கையால் தடவுவதைவிடப் பழைய மெல்லிய துப்பட்டாவையோ நைலான் துணியையோ உள்ளே தேய்த்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத சிராய்கூடத் துணியில் மாட்டும். துணியை இழுக்கும் முனை தக்காளித் தோலையும் கிழிக்கும். ஒன்றிரண்டு முனைகள் என்றால் உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம். உள்ளே முழுவதும் அப்படி என்றால் விட்டுவிடுங்கள்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். பூஞ்சை நெடியோ, வார்னிஷ், மண்ணெண்ணெய் வாடையோ வந்தால் அது காயிலும் ஏறும். சாயமேற்றிய கூடையானால் ஈரத் துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள், நிறம் ஒட்டக்கூடாது.

கடைசியாக எடைச் சோதனை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. நிரம்பிய ஒரு லிட்டர் பாட்டில்களை ஐந்தாறு உள்ளே அடுக்கித் தூக்கி, பத்தடி நடந்து, முழங்கையில் மாட்டி, ஒருமுறை குனிந்து நிமிருங்கள். கைப்பிடி முனகுகிறதா, அடி தொய்கிறதா, விளிம்பு தொடையில் இடிக்கிறதா என்று அந்தப் பத்தடியில் தெரிந்துவிடும். இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு இது முடியாது. அவர்கள் அடிப்பக்கத்தின் படமும், கைப்பிடி இணைப்பின் படமும், ஆழத்தின் அளவும் கேட்டு வாங்க வேண்டும். முன்பக்க அழகுப்படம் எதையும் சொல்லாது.

படி 8: நிரப்பும் முறை

நல்ல கூடையையும் நிரப்பத் தெரியாமல் பாழாக்கலாம். கனமானதும் கெட்டியானதும் முதலில், மென்மையானது கடைசியில். தக்காளியைக் காம்போடு பறித்தால் காம்பு மேல்நோக்கி நிற்க விடாதீர்கள். அடுத்த அடுக்கின் தோலில் அது துளை போடும். காம்பைக் கிள்ளிவிடலாம், அல்லது பக்கவாட்டில் படுக்க வைக்கலாம். காயைப் போடாதீர்கள், வையுங்கள். ஒரு சாண் உயரத்திலிருந்து விழுந்தால்கூட பழுத்த பழத்துக்கு அடிதான். கத்தரிக்கோலையும் கத்தியையும் கூடைக்குள் எறியும் பழக்கம் வேண்டாம், வெளிப்பக்கத்தில் ஒரு சின்னப் பையைக் கட்டி அதில் செருகுங்கள்.

பறிப்பு வெயிலுக்கு முன்பே முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நிரம்பிய கூடை நிழலில்தான் இருக்க வேண்டும். பறித்ததை இரவு முழுக்கக் கூடையிலேயே கலந்து வைக்காதீர்கள். பழுத்த தக்காளி வெளியிடும் எத்திலீன் வாயு பக்கத்தில் இருக்கும் கீரையை மஞ்சளாக்கும்.

படி 9: பராமரிப்பு

மண் காய்ந்ததும் தூரிகையால் தட்டிவிடுங்கள். பழச்சாறு ஒட்டியிருந்தால் மிதமான சோப்புத் தண்ணீரால் துடைத்து, கவிழ்த்துவைத்து நன்றாகக் காய விடுங்கள். மூங்கில், பிரம்புக் கூடைகளைத் தண்ணீரில் ஊற வைக்கக் கூடாது. வில்லோ மட்டும் ரொம்பக் காய்ந்துவிட்டால் அவ்வப்போது தண்ணீர் தெளித்து நிழலில் உலர்த்தலாம். ஈரம் போகாமல் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினால் இடையில் பூஞ்சை பிடிக்கும். ஆணியில் மாட்டிவைப்பதே சிறந்தது, தரையில் வைப்பதானால் அடியில் இரண்டு கட்டை.

மரப்பலகைக் கூடைக்கு எண்ணெய் பூச விரும்பினால் எதுவும் கலக்காத ஆளிவிதை எண்ணெய் போதும். சீக்கிரம் உலர்வதற்காக உலோகச் சேர்மங்கள் கலந்த ரகமும் விற்கிறது. உணவு படும் கூடைக்கு அது வேண்டாம். பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளியிடும், சுருட்டிய துணி தானாகவே தீப்பற்றக்கூடும். விரித்துக் காயப்போட்டு, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

விளிம்புக் கட்டு ஓரிடத்தில் அவிழ்ந்தால் அன்றே கட்டிவிடுங்கள். விளிம்பு தளர்ந்த கூடையில் பின்னல் ஒவ்வொன்றாக மேலே நழுவி வெளியே வரும். பக்கத்தில் ஒன்றிரண்டு பிளாச்சு முறிந்தால் புதிய பிளாச்சை ஈரப்படுத்தி, பழையதன் மேலேயே நான்கைந்து இழை தூரத்துக்குச் செருகலாம். அடி விட்டுப்போனாலோ, கைப்பிடி அடியோடு சேரும் இடம் உளுத்தாலோ பழுதுபார்த்துப் பயனில்லை. அதை உலர்ந்த சருகு அள்ளவும் களை போடவும் ஒதுக்கிவிட்டு, காய் பறிக்க வேறொன்று வாங்குங்கள்.